மூன்று விண்ணப்பதாரர்களும் ஒரு மாமாவும்

சமோவாத் தீவின் தலைநகர் அப்பியாவிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு தேங்காய்ப்பால் ஆலை இருக்கிறது. அங்கே ஆள் எடுக்கும் அதிகாரம் யாருடையது என்று கேட்டால் ஆக்லாந்தில் உள்ள பாதி முதலாளிகள் ஒன்று சொல்வார்கள், உள்ளூரில் உள்ள மீதிப் பாதி வேறொன்று சொல்வார்கள். சரியான பதில் வாசல் காவலாளிக்குத்தான் தெரியும். அவர் வாய் திறக்காமல் புருவத்தை மட்டும் மாடி மூலை அறைப் பக்கம் உயர்த்துவார். அந்த அறையில் லெப்பேக்கா, கையில் ஓலை விசிறியுடன், பூப்போட்ட பாவாடையும் மேல்சட்டையுமாக வீற்றிருப்பார். வீற்றிருப்பார் என்று சும்மா சொல்லவில்லை. மற்ற அதிகாரிகள் நாற்காலியில் உட்காருவார்கள்.

லெப்பேக்கா எடுத்த ஆள் வேலையை விட்டுப் போனதாகச் சரித்திரம் இல்லை. இதை அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. சமோவாவில் தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது, பொது இடத்தில் சட்டையைக் கழற்றுவதைவிட அசிங்கமான காரியம். ஆகவே அவர் ஞாயிற்றுக்கிழமை புது வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு தேவாலய வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். யாராவது வந்து சொல்வார்கள். சொல்லும்வரை நிற்பார்.

அவருக்கென்று ஒரு தேர்வு முறை இருந்தது. அறைக்கு வெளியே உள்ள ஒடுக்கமான நடையில் ஒரு பெஞ்சு போட்டு, அதில் ஆலையின் பெரியவர்கள் இரண்டு பேரை உட்காரவைத்திருப்பார். வேலை கேட்டு வருகிறவர் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். உட்கார்ந்திருக்கும் பெரியவர் முன்னால் போகும்போது முதுகை வளைத்து, ஒரு கையைத் தாழ்த்தி, "துலோ" என்று மன்னிப்புக் கேட்டபடி போவதுதான் அங்கே மனுஷத்தனம். வளைந்து வந்தவருக்கு வேலை. தென்னை மரம் மாதிரி நிமிர்ந்து வந்தவருக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்து வழியனுப்பி வைப்பார்.

இந்த ரகசியம் ரகசியமாக இருந்தவரை நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் எல்லாரும் எல்லாருக்கும் உறவாக இருக்கிற தீவில் ஒரு ரகசியம் எவ்வளவு தூரம் நடந்துவிடும். போன வருஷம் ஓட்டுநர் வேலைக்கு வந்த ஒருவன் நடையின் முனையிலிருந்தே தவழ்ந்து வந்தான். பெஞ்சில் இருந்த பெரியவர்கள் ஏதோ பிராணி வருவதாக நினைத்துக் காலை மேலே தூக்கிக்கொண்டார்கள். அன்றோடு அந்தத் தேர்வின் மதிப்பு போய்விட்டது என்று லெப்பேக்காவுக்குத் தெரியும். அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆலை மேலாளர் நாற்காலி காலியானது.

அதற்கு முன் அதில் இருந்தவரை ஆக்லாந்துக்காரர்கள் கணினித் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் வந்த சில வாரங்களில், தேநீர் வேளையில் தரையில் சம்மணமிட்டுப் பலகாரம் தின்றுகொண்டிருந்த பாய்லர் பகுதி ஃபிலிப்போவிடம் போனார். நின்றபடியே, குனியாமல், விரலை நீட்டி, ஐந்து நிமிஷம் தாமதம் என்று அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டார். ஃபிலிப்போ பாய்லர் ஓட்டுகிறவர்தான். ஆனால் ஊரில் அவர் மத்தாய், பட்டம் கட்டிய குடும்பத் தலைவர், ஒரு ஊரே அவர் பேச்சைக் கேட்டு நடக்கும். மறுநாள் காலையில் ஆலைக்கு மேலாளர் வந்தார், காவலாளி வந்தார், ஒரு நாய் வந்தது. வேறு யாரும் வரவில்லை. முற்றத்தில் குவிந்து கிடந்த தேங்காய்கள் முளைவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்தார்கள். மேலாளர் அதற்குள் விமானம் ஏறியிருந்தார்.

இந்தத் தடவை ஆக்லாந்து தன் ஆளையே அனுப்பியது. டாரன் என்று பெயர். வெயிலில் சிவந்து போகிற முகம், நல்ல சுபாவம், கையில் ஒரு மதிப்பெண் அட்டவணை. நேர்காணலை இங்கேயே நடத்தலாம், ஆனால் அட்டவணைப்படி நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இப்போது எடுக்கிற ஆளும் சரிப்படாமல் போனால், இனிமேல் எல்லா வேலைக்கும் ஆக்லாந்தில் திரையில் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். லெப்பேக்காவுக்குச் சீருடைக்கு அளவெடுக்கிற பொறுப்பு கொடுக்கப்படும். டாரன் இதை மிகவும் வருத்தத்தோடு சொன்னார். லெப்பேக்கா விசிறியை ஒருமுறை மடியில் வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். இத்தனை வருஷம் மனிதர்களை அளந்தவர், இனிமேல் அவர்கள் இடுப்பை அளக்க வேண்டும்.

"வேலைய நிறுத்திட்டுப் போனவங்க எப்படித் திரும்பி வந்தாங்க?" என்று டாரன் கேட்டார்.

கேட்டால் சொல்வது தற்பெருமையில் சேராது. லெப்பேக்கா சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய ஒரு சுற்றறிக்கையை விசிறியால் காட்டினார். நேரந்தவறாமை பற்றி ஒரு பத்தி, மன்னிக்கும் மனப்பான்மை பற்றி ஒரு பத்தி, நடுவே வேதவசனம். எழுதியவர் லெப்பேக்கா. அதை ஒவ்வொரு ஊர்க் கடையிலும் ஒட்டச் சொல்லியிருந்தார். டாரன் எழுந்து போய் முழுசும் படித்துவிட்டுத் தலையாட்டினார். லெப்பேக்காவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அட்டவணையின் முதல் கேள்வியிலேயே வண்டி நின்றது.

"விண்ணப்பிச்ச இவங்கள்ல யாராவது உங்களுக்குச் சொந்தமா?"

"மூணு பேரும்."

"மூணு பேருமா? அப்ப நீங்க இந்தக் குழுவிலயே இருக்கக் கூடாதே."

"நான் இருக்கக் கூடாதுன்னா இந்தத் தீவுல யாருமே இருக்க முடியாது. நீங்க கிறிஸ்துமஸ் வரைக்கும் இங்க தங்கிப் பாருங்க, உங்களுக்கும் மூணு பேரும் சொந்தமாயிடுவாங்க."

டாரன் "ஓரளவுக்கு" என்று எழுதிக்கொண்டார்.

முதலில் வந்தவன் இயோசேஃபோ. பிரிஸ்பேனில் ஒரு பிஸ்கட் ஆலையில் சில வருஷம் மேற்பார்வையாளனாக இருந்துவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பியவன். பளபளக்கும் சப்பாத்து. நடையில் துலோ சொன்னான், ஆனால் உள்ளே வந்ததும் டாரனுடைய கண்ணுக்குள் தன் கண்ணை வைத்தவன் எடுக்கவே இல்லை. நான் உற்பத்தியை உயர்த்தினேன், நான் விரயத்தைக் குறைத்தேன், நான் முடிவெடுத்தேன், நான் மாற்றிக் காட்டினேன். டாரனின் பேனா பின்னாலேயே ஓடி மூச்சு வாங்கியது. லெப்பேக்காவின் விசிறி வேகம் பிடித்தது. இவனுடைய அம்மா இங்கே இருந்திருந்தால் முந்தானை இல்லாத குறைக்குப் பாயையாவது சுருட்டி முகத்தை மூடிக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. டாரன் அநேகமாக முழு மதிப்பெண் போட்டார்.

இரண்டாவது தவித்தா. கணக்குப் பிரிவில் இருக்கும் அடக்கமான பையன். அவன் தனியாக வரவில்லை. முன்னால் அவனுடைய மாமா சோலோமோனா, தோளில் தென்னைநார்ச் சாமரத்தோடு வந்தார். பின்னால் ஒரு கூடை சேம்பங்கிழங்கும், ஓலையில் சுற்றிய முழுப் பன்றி வறுவலும் வந்தன. சோலோமோனா ஊரில் பேச்சாளர் பட்டம் பெற்றவர். உட்கார்ந்ததும் தொண்டையைச் சரிசெய்து, உலகம் உண்டானதிலிருந்து தொடங்கினார். தவித்தாவின் பாட்டனார்களை வரிசையாக அழைத்துவந்து ஒவ்வொருவரையும் அந்த அறையில் உட்காரவைத்தார். தவித்தா பன்றிக்குப் பக்கத்தில் தலை குனிந்திருந்தான்.

டாரன் மெதுவாக லெப்பேக்கா பக்கம் சாய்ந்தார். "இதுல வேலைக்கு விண்ணப்பிச்சது யாரு?"

"பேசாம இருக்கானே, அவன்."

"அந்தப் பன்றி?"

"அது சிபாரிசு" என்றார் லெப்பேக்கா.

அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று அட்டவணையில் இருந்தது. திருப்பி அனுப்பினால் சோலோமோனாவின் ஊரே நாளைக்கு வராது என்று லெப்பேக்கா எடுத்துச் சொன்னார். ஆகவே பன்றி ஆலையின் பொதுச் சாப்பாட்டுக்கு என்று அறிவிக்கப்பட்டு, உரிய மரியாதையுடன் சமையலறைக்குப் போனது.

மூன்றாவதாக வந்தவள் சூலியானா. டப்பா அடைக்கும் பகுதியில் மேற்பார்வை பார்க்கிறவள். நாற்பதைத் தொட்ட வயது, அகலமான தோள், மெல்லிய குரல். கண்ணைத் தரையிலேயே வைத்திருந்தாள். பெரியவர்கள் முன்னால் வேறெங்கே வைப்பாள். கண்ணைப் பார்த்துப் பேசுதல் என்ற கட்டத்தில் டாரன் வருத்தத்துடன் ஒரு சுழியம் போட்டார்.

"நீங்க தலைமை எடுத்துச் செஞ்ச ஒரு காரியத்தப் பத்திச் சொல்லுங்க."

சூலியானா நெடுநேரம் யோசித்தாள். "அப்படி ஒண்ணும் இல்லீங்க. எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சோம்."

"உங்களோட பெரிய பலம் என்னன்னு நினைக்கிறீங்க?"

"எங்க பகுதியில இருக்கிறவங்க நல்லவங்க."

உங்கள் குறைகள் என்ன என்று கேட்டதும் மட்டும் முகம் தெளிந்து, தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். டாரன் இரண்டு தாள் எழுதினார். லெப்பேக்காவும் அவளைப் பற்றிப் பெரிதாக நினைத்துவிடவில்லை என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. நல்ல பெண்தான், டப்பா அடைக்கிற இடத்துக்குப் போதும் என்று நினைத்தார்.

அட்டவணை ஒரு பக்கம் தெளிவாகச் சாய்ந்துவிட்டது. இயோசேஃபோவை எடுத்தால், இந்த நான் நான் என்கிறவன் என்றைக்காவது ஃபிலிப்போ முன்னால் போய் நிற்பான், நாய் மட்டும் வேலைக்கு வரும், லெப்பேக்கா அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். டாரன் தாள்களை அடுக்கத் தொடங்கியிருந்தார்.

"முதல்ல சாப்பிடலாம்" என்றார் லெப்பேக்கா. "எல்லாரும் ஒண்ணா."

ஆலை முற்றத்தில் சுவரில்லாத ஒரு ஃபாலே உண்டு, தூணும் கூரையும் பாயும் மட்டும். பன்றியும் கிழங்கும், தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலைப் பொதியும் வந்தன. பெஞ்சுப் பெரியவர்களும் ஃபிலிப்போவும் வந்து உட்கார்ந்தார்கள். விருந்து முடிந்தால் விருந்தாளிகள் தரப்பில் ஒருவர் நன்றி சொல்லியாக வேண்டும். யார் சொல்வது என்பதற்கு அங்கே ஒரு வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இல்லை, உனக்குத்தான் என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வாதாடுவார்கள். விட்டுக்கொடுக்கிற அழகில் ஆளின் எடை தெரிந்துவிடும். கடைசியில் யார் மறுக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறாரோ அவர் பேசுவார்.

சோலோமோனா தொண்டையைச் சரிசெய்தார்.

"மாமா, நீங்க வேலை கேட்டு வந்தவர் இல்லையே" என்றார் லெப்பேக்கா. "வந்தவங்க மூணு பேரு. அவங்களே பார்த்துக்கட்டும்."

சோலோமோனாவின் வாழ்க்கையில் திறந்த வாயை மூடியது அதுதான் முதல் தடவை. பிறகு லெப்பேக்காவின் முகத்தைப் பார்த்தார், மூன்று பேரையும் பார்த்தார், விஷயம் பிடிபட்டுச் சாமரத்தை மடியில் வைத்துக்கொண்டு சௌகரியமாகச் சாய்ந்தார்.

இயோசேஃபோ எகிறிக் குதிப்பான் என்று லெப்பேக்கா காத்திருந்தார். அவன் கண்ணைத் தாழ்த்தினான். குரல்கூட வேறாக இருந்தது. "நான் வெளியூர்ச் சோறு சாப்பிட்டு வந்தவன். இந்த வீட்டுல எனக்கு முன்னால பேசவேண்டியவங்க இருக்காங்க. தவித்தா பேசட்டும்."

"எனக்கு மாமா இருக்கிறதால பேசிப் பழக்கமே இல்ல" என்றான் தவித்தா. ஃபாலே முழுக்கச் சிரித்தது. மாமா அதிகமாகச் சிரித்தார். "உண்மையச் சொன்னா இந்த வேலைக்கு எழுதிப் போட்டதே அவர்தான். எனக்குக் கணக்கு இருக்கு, மிச்ச நேரத்துக்கு மீன் இருக்கு. சூலியானா அக்கா பேசட்டும்."

சூலியானா தலையசைத்து மறுத்தாள். அம்மாவுக்காக நல்ல வேலையை விட்டு வந்த பிள்ளை இயோசேஃபோ, அந்த மரியாதை அவனுக்குத்தான் என்றாள். இதற்குச் சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. லெப்பேக்காவின் விசிறி நின்றுவிட்டது.

இயோசேஃபோ ஃபிலிப்போ பக்கம் திரும்பி, "ஐயா மன்னிக்கணும், இதச் சொல்லாம முடியாது" என்றான். ஃபிலிப்போ புருவத்தை உயர்த்தி அனுமதி கொடுத்தார்.

"போன மேலாளர் ஐயாவ அவமானப்படுத்தின பிறகு ஒரு விடியக்காலையில ஐயா வீட்டு முற்றத்துல, குடும்பத்துப் பொக்கிஷமா வச்சிருந்த மெல்லிய பாயத் தலைக்கு மேல போர்த்திக்கிட்டு ஒரு பொம்பள முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாங்க. தப்பு செஞ்சவன் விமானம் ஏறிட்டான். அவன் செஞ்சதுக்கு இவங்க இஃபோங்கா செஞ்சு மன்னிப்புக் கேட்டாங்க. மழை பெஞ்சுது, எழுந்திரிக்கல. உச்சி வெயில் வந்ததும் ஐயா இறங்கி வந்து அந்தப் பாய எடுத்தாரு. மறுநாளிலேருந்து ஒவ்வொருத்தரா வேலைக்குப் போனாங்க. எங்கம்மா பக்கத்து வீடு. அவங்க கண்ணால பார்த்தது. அந்த சூலியானா அக்கா இருக்கிற இடத்துல நான் எப்படிப் பேசுறது?"

ஃபிலிப்போ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூலியானா பாயில் ஒரு இழையை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தச் சுற்றறிக்கை?" என்று பெஞ்சுப் பெரியவர்களில் ஒருவர் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

"எங்க ஊருக் கடையில அதுல பலகாரம் சுத்திக் கொடுத்தாங்க" என்றான் இயோசேஃபோ மிகுந்த பணிவுடன். "நல்ல தடிமனான தாள்."

பேச்செல்லாம் சமோவா மொழியில் நடந்ததால் டாரனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொன்னாரு?"

லெப்பேக்காவின் வாழ்க்கை வரலாற்றில் இந்த இடத்தைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். நன்றி சொன்னான் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். இயோசேஃபோவுக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் பெரியவரைத் திருத்துகிற பிள்ளை இல்லை அவன் என்பது அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. சுற்றறிக்கை சுவரில் பத்திரமாக இருந்திருக்கும். காலையில் அதை நம்பித்தான் டாரன் தலையாட்டினார், அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அவருடைய நாற்காலி நின்றது.

லெப்பேக்கா விசிறியைக் கீழே வைத்தார். முழுசும் மொழிபெயர்த்தார். மழையைச் சொன்னார், வெயிலைச் சொன்னார், பாயைச் சொன்னார். சுற்றறிக்கையில் பலகாரம் சுற்றியதையும் சொன்னார். தாளின் தடிமனைக்கூட விடவில்லை.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியாதா?" என்றார் டாரன்.

"தெரியாது. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். ஆள் எடுக்கிறது என் வேலை, கூடவே இருந்த ஆளை எனக்குத் தெரியல."

டாரன் சூலியானாவின் பக்கம் திரும்பினார். "நான் காலையில கேட்டப்ப இத ஏன் சொல்லல?"

சூலியானாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "நான் மட்டும் செஞ்சதில்லையே" என்றாள். "பாய் எங்க அம்மாவோடது. எடுத்து மன்னிச்சது ஐயா."

பிறகு அவள்தான் நன்றி சொன்னாள். மறுக்க வழியில்லை. சாப்பாட்டுக்கு, பன்றிக்கு, பன்றியைக் கொடுத்த மாமாவுக்கு, வெளியூரிலிருந்து வந்து வெயிலில் சிவந்துபோன விருந்தாளிக்கு. சுருக்கமாக முடித்தாள். சோலோமோனாவே குறை சொல்லவில்லை.

மாடி அறையில் டாரன் அட்டவணையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுவனப் பண்பாட்டோடு பொருந்துதல் என்ற கட்டத்தில் சூலியானாவுக்குச் சுழியம் இருந்தது. எந்தப் பண்பாடு என்று லெப்பேக்கா விசாரித்தார். கம்பெனியுடையது என்றார் டாரன். கம்பெனி என்றால் யார் என்று லெப்பேக்கா மறுபடி விசாரித்தார். கீழே முற்றத்தில் ஜனங்கள் பன்றியின் மீதியை ஓலையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். டாரன் ஜன்னல் வழியே பார்த்தார், சுழியத்தை அடித்தார்.

"எல்லாம் சரி. ஆனா மாசாமாசம் ஆக்லாந்து கூட்டத்துல இவங்க பேசணும். என்ன சாதிச்சோம்னு எடுத்து வைக்கணும். இவங்க குறையத்தான் சொல்வாங்க."

சோலோமோனா வாசலிலேயே நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. "பெரிய பட்டத்துக்காரர் என்னைக்குத் தன் வாயால பேசியிருக்காரு? அவருக்குப் பேச ஒரு ஆள் இருப்பான். அதுக்குத்தானே எங்கள மாதிரி ஆளுங்க. அந்த பிரிஸ்பேன் பையன் நல்லாப் பேசுறானே."

துணை மேலாளர் இடம் வெகுநாளாகக் காலி. லெப்பேக்கா இயோசேஃபோவைக் கூப்பிட்டு, காலையில் ஏன் அப்படிப் பீற்றிக்கொண்டாய் என்று கேட்டார்.

"அது இங்கிலீஷ் அக்கா. அதுல அப்படித்தான் பேசணும். கத்துக்கறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடுச்சு. பிரிஸ்பேன்ல முதல் இன்டர்வியூல, எங்க வீட்டுல எல்லாரும் நல்லா வேலை செய்வாங்கன்னு சொன்னேன். அப்படின்னா அவங்கள்ல ஒருத்தர அனுப்புன்னு சொல்லிட்டாங்க."

"அவளுக்காகப் பேசுவியா?"

"அவங்களுக்காகன்னா இன்னும் நல்லாப் பேசுவேன். வெட்கமே இருக்காது."

அப்படியே ஆனது. மாதக் கூட்டத்தில் திரையின் நடுவே சூலியானா கண்ணைத் தாழ்த்தி அமர்ந்திருக்கிறாள். பக்கத்தில் இயோசேஃபோ, சப்பாத்து பளபளக்க, அவள் உற்பத்தியை உயர்த்தினாள், அவள் விரயத்தைக் குறைத்தாள் என்று முழங்குகிறான். ஆக்லாந்தில் பெரிய மரியாதை. ஃபிலிப்போ தாமதமாக வந்தால் சூலியானா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பாய்லருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறாள். அவர் மறுநாள் விடியும் முன்பே வந்துவிடுகிறார். தேங்காய்களுக்கு முளைக்கிற எண்ணம் மறுபடி வரவில்லை.

லெப்பேக்காவின் நாற்காலி அசையவில்லை. சுற்றறிக்கையை அவரே கழற்றினார். கண்ணாடிச் சட்டம் வீணாகக் கூடாது என்று அதில் ஃபாலேயில் எடுத்த புகைப்படத்தை மாட்டினார், பன்றி நடுவில் தெளிவாக விழுந்திருந்தது. நடையிலிருந்த பெஞ்சை எடுக்கச் சொன்னார். வேலைக்கு வருகிறவர்களை இப்போதெல்லாம் சேர்ந்து சாப்பிடவைத்து, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவிட்டு, விசிறியோடு பார்த்திருக்கிறார். இந்த ரகசியமும் வெளியே போய்விட்டது. ஆனால் தெரிந்துகொண்டு வந்தாலும் இதில் நடிப்பது கஷ்டம், அடுத்தவன் நல்லதை முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

டாரன் கிறிஸ்துமஸ் வரைக்கும் தங்கினார். வேலை மிச்சம் இருக்கிறது என்று ஆக்லாந்துக்கு எழுதினார். சோலோமோனா வீட்டில் ஒரு பாயும் தட்டும் அவருக்கென்று ஒதுக்கப்பட்டன. தவித்தாவோடு மீனுக்குப் போய் முதுகு உரிந்து வந்தார்.

போன மாதம் ஆக்லாந்தில் ஒரு பெரிய பதவிக்கு ஆள் எடுத்தார்கள். குழுவில் லெப்பேக்காவும் இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அவர் அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வெள்ளைத் தொப்பியுடன், தேவாலய வாசலில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். நேர்காணலன்று திரையில் ஒவ்வொருவராக வந்தார்கள். நான் நான் என்றார்கள். கடைசியில் வந்த முகம் சிவந்த முகம்.

லெப்பேக்கா ஒரே கேள்விதான் கேட்டார். "இந்த வேலைக்கு உங்களவிடத் தகுதியானவங்க யாரு?"

டாரன் கண்ணைத் தாழ்த்தினார். தனக்கு முன் வந்துபோன, தன்னோடு வேலை செய்யும் பெண்ணின் பெயரைச் சொல்லி, அவள் முன்பு செய்த ஒரு காரியத்தை விவரமாகச் சொல்லத் தொடங்கினார். குழுவில் இருந்த மற்றவர்கள் அவர் விலகிக்கொள்வதாக நினைத்துக் குறித்துக்கொண்டார்கள். லெப்பேக்கா அவர்களைத் திருத்தினார். பிறகு விசிறியை மடியில் வைத்து, அட்டவணையைப் பக்கத்தில் இழுத்து, முதல் கேள்விக்கு வந்தார். விண்ணப்பித்தவர் உங்களுக்கு உறவா?

ஆம் என்று எழுதினார்.